நாலு பங்கு தண்ணீர், ரெண்டு பங்கு ஸ்பிரிட்

கல்கத்தாவில் நாங்கள் மோட்டார் வைத்திருந்த கதையை எங்கள் வீட்டுக்காரர் நாலு பேர் கூடின இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லுவார். கேட்கிறவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் அங்கே இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவர் சொல்லுகிற கதையில் ஒரு மோட்டார், ஒரு புஸ்தகம், ஒரு டிரைவர், அவ்வளவுதான் உண்டு. என் தம்பி அதில் இருக்க மாட்டான். தம்பியை எடுத்துவிட்டால் அது வேடிக்கைக் கதைதான், ஒப்புக்கொள்கிறேன். அவனையும் சேர்த்து ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இவருக்கு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். மதராஸ் கிளையில் இருந்தவரைப் பதவி உயர்வு கொடுத்துக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். காளிகாட்டில் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு வீடு பார்த்துக் குடிவந்தோம். முற்றம், முற்றத்தில் குடிதண்ணீர்க் குழாய், அதை ஒட்டிச் சமையலறை, வாசல் பக்கம் பழைய குதிரைலாயம். அந்த லாயத்தைப் பார்த்த நாளிலிருந்தே இவருக்கு மோட்டார் ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐப்பசியில் இவர் ஆபீஸிலிருந்த ஒரு துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குக் கப்பலேறினார். போகிற அவசரத்தில் தம்முடைய மோட்டாரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

மோட்டாரோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் டிரைவர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட வங்காளி. ஆறு வருஷமாக அந்த வண்டியை ஓட்டினவர். என்னை 'மா' என்பார், இவரை 'பாபு' என்பார், வண்டியைப் பற்றிக் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார். இன்னொருவர் புஸ்தகம். அதையும் ஒரு ஆள் என்றே சொல்ல வேண்டும், அவ்வளவு மரியாதை அதற்கு எங்கள் வீட்டில். சீமையில் அச்சடித்தது, சிவப்பு அட்டை, வண்டியை எப்படிப் பராமரிப்பது என்று அதில் எழுதியிருந்தது. இவர் ஆபீஸில் அச்சில் இல்லாத எதையும் நம்பாதவர் என்று பெயர் எடுத்தவர். யாராவது வாயால் ஒன்று சொன்னால், 'எந்த சர்க்குலரில் இருக்கிறது?' என்று கேட்பாராம். வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை.

கார்த்திகை கழிந்ததும் குளிர் வந்தது. எங்களுக்கு அதுதான் அந்த ஊரில் முதல் குளிர்காலம். காவேரிக்கரையில் பிறந்து மதராஸில் வியர்த்த உடம்பு. கல்கத்தாக் குளிர் எங்களை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் கை மரத்துப்போகும். இவர் தலைக்கு மப்ளர், காலுக்கு இரண்டு ஜோடி மேஜோடு, அதற்கு மேல் துரை விட்டுப்போன கம்பளிக் கோட்டு என்று ஆபீஸுக்குப் போனார். பனிமலை உச்சியில் இருப்பது போலத்தான் நாங்கள் இருவரும் நடந்துகொண்டோம்.

அந்த சமயத்தில்தான் புஸ்தகத்தில் அந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னார். வண்டிக்கு முன்னால் ரேடியேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் தண்ணீர் ஊற்றுகிறோம், அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைச் சுற்றிவந்து சூட்டைத் தணிக்கிறது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து கட்டியாகும். கட்டியானால் பருக்கும். பருத்தால் எஞ்சின் வெடித்துப் பிளந்துவிடும். ஆகையால் குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றவே கூடாது. கிளிசரினோ ஸ்பிரிட்டோ கலந்துதான் ஊற்ற வேண்டும். எந்தக் குளிருக்கு எத்தனை பங்கு என்று மூன்று வரிசையில் ஒரு பட்டியலும் போட்டிருந்தது.

"விண்டர்னு கொட்டை எழுத்திலே போட்டிருக்கான். இப்ப விண்டர்தானே?" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதை மறைத்து என்ன பிரயோஜனம்? அன்று காலையில்தான் எனக்கு விரல் விறைத்துக் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்திருந்தது. தண்ணீர் உறையும் என்று அவர் சொன்னபோது, உறையாமல் என்ன செய்யும் என்றுதான் நினைத்தேன்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஷுது ஜொல், பாபு" என்றார் அவர். வெறும் ஜலம் போதும் என்று அர்த்தம். ஆறு வருஷமும் துரை வெறும் தண்ணீர்தான் ஊற்றச் சொன்னார், குடிதண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்தது, வாரத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும் என்றார். பிறகு சிரிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். இந்த ஊரில் தண்ணீர் தானாக உறையுமானால் மீன்கடைக்காரர்கள் எதற்காக ஐஸ் வாங்கிவைக்கிறார்கள் என்று கேட்டார். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னது அச்சில் இல்லையே.

இருந்தாலும் சந்தேகம் வந்தது இவருக்கு. சோதனை செய்து பார்ப்பதென்று என்னுடைய வெண்கலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தார். விடிந்ததும் மப்ளரோடு மாடியேறிப் பார்ப்பார். முதல் நாள் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு காக்கை அதில் குளித்துக்கொண்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். "மூணு நாள் உறையலேன்னா நாலாம் நாளும் உறையாதுன்னு எவன் எழுதிக் கொடுத்தான்?" என்று கீழே இறங்கி வந்து கேட்டார். நான் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துவைத்தேன்.

புஸ்தகம் முதலில் சொன்னது கிளிசரினைத்தான். டிராம் போகிற பெரிய ரோட்டில் இருந்த மருந்துக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். வந்தவர் முகம் சரியாக இல்லை. என்ன என்று கேட்டேன். கிளிசரின் எதிலிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் விளையாட்டாகக் கேட்டாராம். சோப்பு காய்ச்சும்போது கொழுப்பிலிருந்து பிரிகிற வஸ்து என்று அவர் சொன்னாராம். என்ன கொழுப்பு என்று இவர் கேட்டதற்கு, அது யாருக்குத் தெரியும், ஆடோ மாடோ என்று கையை விரித்துவிட்டாராம்.

இதை அவர் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னார், அது அவர் நேர்மை. நான் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொண்டேன். டிரைவர் வண்டிக்குத் தண்ணீர் பிடிப்பது எந்தக் குழாயில்? நான் மடியாகத் தண்ணீர் பிடிக்கிற அதே குழாயில். மாட்டுக் கொழுப்பு பட்ட வாளியும் கையும் அந்தக் குழாயைத் தொடும், நான் அந்தத் தண்ணீரில் சுவாமிக்கு அன்னம் வடிக்க வேண்டுமா?

"அந்தக் கிளிசரின் இந்த வாசப்படி தாண்டி வந்தா, நான் ஊருக்கு டிக்கெட் எடுத்துண்டு போயிடுவேன்" என்றேன்.

அவர் புஸ்தகத்தை எடுத்து மறுபடி பார்த்தார். கிளிசரின் இல்லாவிட்டால் ஸ்பிரிட் என்று போட்டிருந்தது. ஸ்பிரிட் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஒரு மாதிரி மருந்து, டாக்டர்கள் ஊசி துடைப்பார்கள் என்றார். மருந்து என்றால் தோஷமில்லை என்று நானும் சரி என்றேன். இந்தக் காரியத்தில் கடைசி வார்த்தை என்னுடையது. இத்தனை வருஷமும் அவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த வாயால் இதைச் சொல்லுவது சுலபமாக இல்லை.

பட்டியலில் முதல் வரிசை கொஞ்சம் குளிருக்கு, மூன்றாவது வரிசை கொடுங்குளிருக்கு. ஆபீஸில் எதிலும் நடுவாகப் போகிறவர் ஆதலால் இவர் நடு வரிசையை எடுத்துக்கொண்டார். நாலு பங்கு தண்ணீர், ரெண்டு பங்கு ஸ்பிரிட். அளப்பதற்கு என்னுடைய ஆழாக்கை எடுத்துப்போனார். அரிசி அளக்கிற ஆழாக்கு. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்த அன்று வீட்டில் பூகம்பம். ஆழாக்கை லாயத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைப் பக்கம் அது வரக்கூடாது என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

மார்கழி முழுக்க வண்டி இந்தக் கலவையில்தான் ஓடியது. காலைக் குளிரில் ஆபீஸுக்குப் போய், சாயங்காலக் குளிரில் திரும்பி வருகிற ஓட்டம், அதனால் பெரிய விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தினமும் ரேடியேட்டரில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிட் சீக்கிரம் கொதித்து ஆவியாய்ப் போகிறது என்று டிரைவர் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டு, போனது எவ்வளவோ அவ்வளவும் அதே விகிதத்தில் கலந்து ஊற்றினார். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் விகிதம் கெட்டுவிடும், விகிதம் கெட்டால் உறைந்துவிடும் என்று புஸ்தகத்தில் போட்டிருந்தது. ஒருநாள் டிரைவர் அலுத்துப்போய் என்னிடம் வந்து, "மா, நீங்களாவது சொல்லுங்கள்" என்கிற பாவனையில் கையைக் கூப்பினார். நான் என்ன சொல்ல? ஸ்பிரிட்டைத் தேர்ந்தெடுத்தவளே நான்தானே.

தை பிறந்து பத்து நாளைக்கெல்லாம் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது.

என் தம்பிக்கு மூன்று வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் நீடிக்கவில்லை. நான் புக்ககம் வந்தபோது அவனும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். இவர் முகம் சுளிக்காமல் அவனைப் படிக்கவைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மெட்ரிகுலேஷன் முடித்ததும் மாயவரத்தில் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடினான். பினாங்குக்கு அந்தப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சமுத்திரம் தாண்டிப் போகிறவன் இந்த வீட்டு வாசலில் ஏறக்கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். கப்பலுக்கு வழியனுப்ப ஒருவரும் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் மதராஸில் கப்பல். 'நீ வந்தால் போதும் அக்கா, வேறு யாரும் வரமாட்டார்கள்' என்று எழுதியிருந்தான்.

கடிதம் கைக்கு வந்தது சனிக்கிழமை. இவருக்கு லீவு கிடைத்தது செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து. செவ்வாய் சாயங்காலம் ஹவுராவில் மதராஸ் மெயில் ஏறினால் வியாழன் காலையில் மதராஸ். அரைநாள் அவனோடு இருக்கலாம், துறைமுகத்துக்குப் போய் நின்று கையசைக்கலாம். புதன்கிழமை மெயில் என்றால் பிரயோஜனம் இல்லை. இதை நான் இவரிடம் மூன்று தரம் சொன்னேன். அவரும் மூன்று தரம் தலையாட்டினார். தம்பிக்குப் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, வேப்பிலைக்கட்டி ஒரு டப்பா, கடல் காற்றுக்கு ஒரு கம்பளி என்று கட்டிவைத்தேன்.

குதிரை வண்டி பேசிவிடுங்கள், சாவகாசமாக இரண்டு மணிக்கே கிளம்பிவிடலாம் என்று சொன்னேன். வாசலில் மோட்டாரை வைத்துக்கொண்டு குதிரை வண்டியா என்று கேட்டார். ஹவுராப் பாலம் கப்பல்களுக்காகத் திறக்கிற நேரம் பேப்பரில் போட்டிருந்தது. அந்தப் பாலம் அப்போது படகுகள் மேல் மிதக்கிற பாலம், கப்பல் வந்தால் நடுவில் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள், மறுபடி சேர்க்கிறவரை இந்தக் கரையில் இருப்பவர்கள் இந்தக் கரையில்தான். திறக்கிறதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நாம் தாண்டிவிடுவோம் என்று பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். அச்சில் வந்ததை வைத்துப் போட்ட கணக்கு அது, நான் எப்படி மறுத்துப் பேசுவது?

கிளம்புகிறபோது நல்ல வெயில். தை வெயில் கல்கத்தாவில் மத்தியானத்தில் முதுகைச் சுடும். டிரைவர் ஒரு தரம் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்காவது எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் ஜலம் ஊற்றிக்கொள்ளட்டுமா என்று இவரிடம் கேட்டார். விண்டர் பிப்ரவரி வரைக்கும் என்று புஸ்தகத்தில் இருப்பதாக இவர் சொன்னார். சௌரங்கி வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மைதானத்துக் காற்றில் எனக்குக்கூட மனசு லேசாகிவிட்டது. பாலத்தை நெருங்க நெருங்கப் பஞ்சுப் பொதி ஏற்றின எருமை வண்டிகளும், தலையில் மூட்டையோடு கூலிகளும், டிராமும் நெருக்கிக்கொண்டு நின்றன. பத்தடி நகர்ந்தால் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. வண்டி முக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு சீறல். அப்புறம் முன்னாலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பியது.

அந்த நாற்றத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சாராயக்கடை வாசல் நாற்றம். மடிசாரோடு, மடியில் வேப்பிலைக்கட்டி டப்பாவோடு, சாராயப் புகைக்கு நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி நின்ற கூலிகள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்கள். டிரைவர் குதித்து இறங்கி, பீடி பிடிக்கிறவர்களையெல்லாம் கையை வீசித் துரத்தினார். தீப்பொறி பட்டால் இந்த ஆவி பற்றிக்கொள்ளுமாம். மருந்து என்று சொன்னீர்களே என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் புஸ்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

போக்குவரத்துப் பார்க்கிற வெள்ளைக்கார ஸார்ஜெண்ட் ஒருவன் வந்தான். நாற்றம் அடித்ததும் நேராக டிரைவரிடம் போய் வாயை ஊதிக்காட்டச் சொன்னான். இவர் இறங்கி, குடித்திருப்பது டிரைவர் இல்லை, வண்டி என்று இங்கிலீஷில் விளக்கினார். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதையும் சேர்த்து விளக்கினார். அந்த ஸார்ஜெண்ட் இவரை ஏற இறங்கப் பார்த்தான், மப்ளரையும் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். அதில் போனது கால் மணி.

நாங்கள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி, பாதை ஓரத்தில், ஒரு குழாய் திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது. கல்கத்தாத் தெருக்களைக் கழுவுவதற்குக் கங்கையிலிருந்து வடிகட்டாமல் அப்படியே கொண்டுவந்து விடுகிற தண்ணீர். எங்கள் ஊரில் ஒரு சின்னச் செம்பில் அடைத்துப் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுவோம். இங்கே அது சாக்கடை ஓரமாக ஓடுகிறது. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயடிக்குப் போனார்.

இவர் தடுத்தார். வெறும் தண்ணீர் ஊற்றினால் விகிதம் கெட்டுவிடும் என்றார். பக்கத்தில் மருந்துக்கடை இருக்கும், ஓடிப்போய் ஒரு புட்டி ஸ்பிரிட் வாங்கிக்கொண்டு வா என்று அவரை அனுப்பினார். என் காதால் கேட்டேன். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஊற்றியிருப்பார், அப்புறம் நடக்கிறது நடக்கட்டும் என்று. நடுத்தெருவில், இத்தனை ஆண்களுக்கு முன்னால், புருஷன் சொன்னதை மறுத்து டிரைவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. சமையலறைக்குள் இருந்துகொண்டு கிளிசரினை விரட்டத் தெரிந்த வாய் அது.

டிரைவர் போய்விட்டார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. மெயில் நேரம் மட்டும்தான் எனக்குத் தெரியும். இறங்கி நடந்துவிடலாம், பெட்டிக்கு ஒரு கூலி பிடியுங்கள் என்றேன். அஞ்சு நிமிஷம் என்றார். குதிரை வண்டி ஒன்று காலியாக நிற்கிறது என்றேன். அதற்கும் அஞ்சு நிமிஷம் என்றார். டிரைவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முதல் கடையில் ஸ்பிரிட் இல்லை, அடுத்த கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்களாம். அப்போது முன்னால் நின்ற வண்டிக்காரர்களிடையே ஒரு சலசலப்பு. பாலத்தைத் திறந்துவிட்டார்கள்.

"எழுந்திருங்கோ. படகிலே போலாம்" என்று நான் இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் அவர் புஸ்தகத்தை மூடினார். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை டிரைவரிடம் விட்டுவிட்டு, ஒரு கூலி தலையில் பெட்டியை ஏற்றிப் படித்துறைக்கு ஓடினோம். பாலம் திறந்தால் எல்லோருக்கும் படகுதான் கதி, படித்துறையில் ஊரே நின்றது. முண்டியடித்து ஒரு படகில் ஏறினோம். அது ஆள் நிரம்புகிறவரைக்கும் கிளம்பவில்லை. நடு ஆற்றில் அந்தப் பாழாய்ப்போன கப்பல் எங்களுக்குக் குறுக்கே ஆடி அசைந்து போனது, அது போகிறவரைக்கும் படகுக்காரன் துடுப்பை நிறுத்திவைத்தான். அக்கரையில் இறங்கி நான் ஓடின ஓட்டத்தில் கால் மெட்டி ஒன்று எங்கேயோ கழன்று விழுந்தது. பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது மெயிலின் கடைசிப் பெட்டி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. மனிதர் நடக்கிற வேகம்தான். பிளாட்பாரம் இன்னும் நூறு அடி இருந்திருந்தால் பிடித்திருப்பேன் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். யார் பார்க்கிறார்கள், பார்க்கவில்லை என்றெல்லாம் யோசிக்கவில்லை. இவர் தந்தி ஆபீஸுக்குப் போய், மோட்டார் கெட்டுவிட்டது, வர முடியவில்லை, ஆசீர்வாதம் என்று தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். வந்து பக்கத்தில் நின்றார். நாளைக்குப் போகலாமா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது.

வெளியே வந்தால் எங்கள் மோட்டார் நிற்கிறது. பாலத்தைச் சேர்த்ததும் டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கலவையை முழுக்கத் தெருவில் இறக்கிவிட்டு, ரேடியேட்டர் ஆறுகிறவரை காத்திருந்து, கங்கைத் தண்ணீரை ஊற்றினாராம். சேற்றுத் தண்ணீர், வீட்டுக்குப் போனதும் இறக்கிக் கழுவிவிட வேண்டும், ஆனால் வீடு சேர்த்துவிடும் என்றார். சேர்த்தது. ஹவுராவிலிருந்து காளிகாட் வரைக்கும் அந்த வண்டி ஒரு இருமல்கூட இருமாமல் ஓடியது. அது ஓட ஓட எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தரமாவது நிற்கக்கூடாதா, ஒரு தரமாவது கொதிக்கக்கூடாதா என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாசம் நான் இவரோடு சரியாகப் பேசவில்லை. பேசினபோதெல்லாம் புஸ்தகத்தையும் ஸ்பிரிட்டையும் சொல்லித்தான் பேசினேன். கிளிசரின் கலந்திருந்தால் ரப்பர்க் குழாய் கொஞ்சம் பாழாகும், ஆனால் அன்றைக்கு அப்படிக் கொதித்திருக்காது என்று டிரைவர் பிற்பாடு ஒரு நாள் சொன்னார். இவரும் பக்கத்தில் இருந்தார். கிளிசரினை வேண்டாம் என்று சொன்னது யார் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

தம்பியின் முதல் கடிதம் பங்குனியில் வந்தது. கப்பலில் மூன்று நாள் தலைசுற்றல், இப்போது தேவலை, தோட்டத்தில் அட்டை ஜாஸ்தி என்று எழுதியிருந்தான். அத்திம்பேரின் மோட்டார் சரியாகிவிட்டதா என்று கேட்டிருந்தான். துறைமுகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பதிலில் நாலு பக்கம் எழுதினேன், என்ன நடந்தது என்று ஆதியோடந்தமாக. அதற்கு அவன் பதிலே எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மழையைப் பற்றி எழுதினான்.

ஆறு வருஷம் கழித்து லீவில் வந்தான். எங்கள் வீட்டில்தான் இறங்கினான், வேறு எங்கே இறங்குவான்? ஆள் கறுத்து, தோள் அகன்று, மீசை வைத்திருந்தான். என் சமையலைத் தட்டு வழித்துச் சாப்பிட்டான். இவரோடு மோட்டாரைப் பற்றி மணிக்கணக்கில் பேசினான். தோட்டத்துத் துரையின் வண்டிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றுகூட இவர் கேட்டார். மழைத் தண்ணீர் என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் இத்தனை நாளுக்கப்புறம் சிரிப்பு வந்தது. சரி, எல்லாம் ஆறிப்போய்விட்டது, நான்தான் வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

ஒரு மாசம் இருந்துவிட்டு மதராஸுக்குப் புறப்பட்டான். அங்கே நாலு நாள் சிநேகிதன் வீட்டில் தங்கிவிட்டுக் கப்பலேறுவதாக ஏற்பாடு. இந்தத் தடவை நானும் அவன்கூடவே மதராஸ் வரைக்கும் வந்து, கப்பல் நகர்கிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன். இவரும் சரி என்றுவிட்டார். பெட்டியைக்கூட எடுத்துவைத்துவிட்டேன். எந்தக் கிழமை கப்பல் என்று தம்பியைக் கேட்டேன். அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அக்கா உனக்கு வீண் அலைச்சல்? எனக்குத் தனியாப் போய்ப் பழகிடுத்து" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் கரிசனமாகத்தான் சொன்னான். நான் மறுபடியும் கேட்டேன், அவன் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினான். கடைசிவரைக்கும் கிழமையைச் சொல்லவில்லை.